அந்த வீடு எவ்வளவு ஏற வேண்டும்? முதலீட்டு வீட்டுக்குச் சில எளிய கணக்குகள்

"அஞ்சு வருஷத்துல டபுள் ஆயிடும் சார்." சென்னைப் புறநகரில் மனையோ ஃபிளாட்டோ பார்க்கப் போன எவரும் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் திரும்பியிருக்க மாட்டார்கள். அதைச் சரிபார்க்கக் கால்குலேட்டர்கூட வேண்டாம். 72 என்ற எண்ணை வருடங்களால் வகுத்தால், பணம் இரட்டிப்பாக ஆண்டுக்கு எத்தனை சதவீதம் வளர வேண்டும் என்பது தோராயமாகக் கிடைத்துவிடும். ஐந்து வருடம் என்றால் 14.4. பத்து வருடம் என்றால் 7.2. அதாவது, அந்த இடம் ஒரு வருடம்கூடச் சறுக்காமல், 14 சதவீதத்துக்கு மேல் கூட்டு வட்டிக் கணக்கில் ஏறும் என்று நாம் நம்ப வேண்டும்.

நடந்து முடிந்த கதைகளுக்கும் இதே மாதிரி கணக்குப் போடலாம். 2012-ல் 10 லட்சத்துக்கு வாங்கிய மனை 2024-ல் 25 லட்சத்துக்குப் போனது என்று வைத்துக்கொள்வோம். இரண்டரை மடங்கு என்று கேட்கும்போது பெரிதாகத்தான் இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 7.9 சதவீதம். பத்திரச் செலவையும் சேர்த்து அடக்கவிலை 10 லட்சத்து 80 ஆயிரம் என்றால் 7.2 சதவீதம். விற்கும்போது கட்டும் மூலதன ஆதாய வரி இன்னும் கொஞ்சத்தை எடுத்துக்கொள்ளும். இத்தனை வருடமும் அந்த மனையிலிருந்து ஒரு பைசா வாடகை வந்திருக்காது. மோசமான முதலீடு என்று சொல்ல வரவில்லை. ஆனால் மடங்கில் பேசுவதும் ஆண்டு சதவீதத்தில் பேசுவதும் மனத்தில் இரண்டு வேறு படங்களைத் தருகின்றன. வங்கி வைப்போடும் தங்கத்தோடும் ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவதுதான் உதவும்.

இதுபோன்ற சின்னச் சின்னச் சூத்திரங்கள் நல்ல வீட்டைத் தேடித் தராது. வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் சீக்கிரமாகச் சொல்ல வைக்கும், அவ்வளவுதான். பத்து வீடு பார்ப்பவருக்கு அதுவே பெரிய உதவி. என்னைக் கேட்டால், எல்லாச் சூத்திரமும் கடைசியில் ஒரு கேள்வியில் வந்து சேர வேண்டும்: இந்த விலைக்கு வாங்கினால், எனக்கு நஷ்டம் வராமலிருக்க வருடத்துக்கு எவ்வளவு ஏற வேண்டும்? அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு வீட்டை வைத்துக்கொண்டு போய்ச் சேரலாம். எண்கள் உதாரணத்துக்காக எடுத்தவை. தென்சென்னைப் புறநகரில், 15 வருடம் பழைய அடுக்குமாடிக் குடியிருப்பில், 950 சதுர அடியில் இரண்டு படுக்கையறை வீடு. கேட்கும் விலை 60 லட்சம். வாடகை மாதம் 18,000 ரூபாய்.

எல்லோரும் முதலில் போடும் கணக்கு வாடகை விகிதம். ஆண்டு வாடகை 2,16,000. அதை 60 லட்சத்தால் வகுத்தால் 3.6 சதவீதம். திருப்பிப் போட்டால், விலை என்பது ஏறக்குறைய 28 வருட வாடகை. புரோக்கர் சொல்வதும் விளம்பரத்தில் வருவதும் இந்த 3.6 தான். இந்தப் பின்னத்தில் மேலே இருக்கும் வாடகையும் தவறு, கீழே இருக்கும் விலையும் தவறு.

கீழே இருப்பதை முதலில் பார்ப்போம். 60 லட்சத்துக்கு அந்த வீடு யாருக்கும் கிடைக்காது. தமிழ்நாட்டில் மறுவிற்பனை வீட்டுக்கு முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 2017-ல் வழிகாட்டி மதிப்பை, அதாவது பத்திரப் பதிவுக்காக அரசு வைக்கும் நில மதிப்பைக் குறைத்த கையோடு பதிவுக் கட்டணத்தை 4 சதவீதமாக ஏற்றினார்கள். 2023-ல் வழிகாட்டி மதிப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுபோய், கட்டணத்தை 2 ஆக்கினார்கள். ஆக இப்போது 9 சதவீதம், நம் வீட்டுக்கு 5 லட்சத்து 40 ஆயிரம். கட்டுநரிடம் நேரடியாக வாங்கும் புது ஃபிளாட்டுக்கு இது குறைவு. ஆனால் கட்டி முடிக்காத வீடென்றால் ஜிஎஸ்டி வந்து நிற்கும். புரோக்கர் கமிஷன் ஒரு சதவீதம், 60 ஆயிரம். பெயின்ட், பாத்ரூம், ஒயரிங் என்று குடிவைக்கும் நிலைக்குக் கொண்டுவர ஒன்றரை லட்சம். கூட்டினால் அடக்கம் 67.5 லட்சம்.

மேலே இருப்பது, கையில் நிற்கும் வாடகை. வருடத்தில் சராசரியாக ஒரு மாதம் வீடு காலியாக இருக்கும் என்று கொள்வது நியாயம்: 18,000. சொத்து வரி 6,000. ஆள் மாறும்போது புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்றால் வருடத்துக்கு 9,000. பெயின்ட், குழாய், மோட்டார் பங்கு என்று 15,000. மாதப் பராமரிப்புக் கட்டணத்தைச் சென்னையில் பெரும்பாலும் குடியிருப்பவரே கட்டிவிடுகிறார் என்பதால் அதை விட்டுவிட்டேன். மொத்தம் 48,000 போக மிச்சம் 1,68,000. அடக்கவிலையால் வகுத்தால் 2.5 சதவீதம். விளம்பரத்தின் 3.6 இப்படித்தான் 2.5 ஆகிறது. இந்த இரண்டாவது எண்ணைக் கேட்டு வாங்குபவர்கள் மிகக் குறைவு என்பது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிற விஷயம். இதற்குத் தேவையான தகவல் எல்லாம் அதே தெருவில் நாலு வீட்டில் விசாரித்தால் கிடைத்துவிடும்.

வாடகைக்குப் பதில் போக்கியத்துக்கு விட்டால்? நம் ஊர்களில் லீஸ் என்று சொல்லும் ஏற்பாடு இது. மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு, மாத வாடகை இல்லாமல் இரண்டு மூன்று வருடம் இருந்துவிட்டு, போகும்போது முழுத் தொகையையும் வாங்கிக்கொண்டு போவார்கள். கையில் 10 லட்சம் மொத்தமாக வருவதால் பெரிதாகத் தோன்றும். அந்தத் தொகையை நம் கடன் வட்டியால் பெருக்கிப் பாருங்கள். எட்டரை சதவீதம் என்றால் வருடத்துக்கு 85,000, மாதம் 7,000 சொச்சம். 18,000 வாடகைக்கு ஈடாக வேண்டுமானால் போக்கியத் தொகை 25 லட்சத்தைத் தாண்ட வேண்டும். அட்வான்ஸையும் இதே முறையில் கணக்கில் சேர்க்கலாம். பத்து மாத அட்வான்ஸ் 1.8 லட்சம் என்றால் வருடத்துக்கு 15,000 ரூபாய் வருமானத்துக்குச் சமம். ஆனால் 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. எனவே பத்து மாதத்தை நம்பிக் கணக்குப் போடாமலிருப்பது நல்லது.

கடல் கடந்து வந்த விதிகள்

யூடியூபில் ரியல் எஸ்டேட் முதலீடு என்று தேடினால் ஒரு சதவீத விதி உடனே வந்து நிற்கும். மாத வாடகை, வாங்கிய விலையில் ஒரு சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது அது. அதன்படி நம் வீட்டுக்கு 60,000 ரூபாய் வாடகை வர வேண்டும். சென்னையில் எங்கே தேடினாலும் குடியிருப்பு வீட்டுக்கு அது நடக்காது. அந்த விதியை அளவுகோலாக வைத்தால் தமிழ்நாட்டில் எந்த வீடும் தேறாது.

அங்கே அது ஏன் பொருந்துகிறது என்று பார்த்தால் விஷயம் தெளியும். அமெரிக்க முதலீட்டாளர்கள் கூடவே இன்னொரு விதியையும் வைத்திருக்கிறார்கள்: வாடகையில் பாதி செலவுக்குப் போய்விடும், கடன் தவணை இதில் சேராது. அங்கே பல மாநிலங்களில் சொத்து வரி வீட்டு மதிப்பில் வருடத்துக்கு ஒரு சதவீதத்தைத் தாண்டும். வீட்டுக் காப்பீடு பெரிய செலவு. வாடகைக்கு விட்டு நிர்வகிக்கும் நிறுவனம் வாடகையில் பத்தில் ஒரு பங்கு கேட்கும். ஆக மாதம் ஒரு சதவீதம், வருடத்துக்கு 12. அதில் பாதி போனால் 6. நிகரமாக ஆறு சதவீதம் என்பதுதான் அந்த விதிக்குள் ஒளிந்திருக்கும் உண்மையான எதிர்பார்ப்பு. நமக்குச் செலவு வாடகையில் பாதி ஆகாது. மேலே போட்ட கணக்கில் 22 சதவீதம்தான். ஆனால் ஆரம்பமே 3.6 என்பதால் எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் ஆறை எட்ட முடியாது.

பழைய வீட்டை வாங்கிப் புதுப்பித்து விற்பவர்களுக்கான 70 சதவீத விதியும் அங்கிருந்து வந்ததே. புதுப்பித்த பிறகு வீடு என்ன விலைக்குப் போகுமோ, அதில் 70 சதவீதத்தை எடுத்து, வேலைச் செலவைக் கழித்தால் கிடைப்பதுதான் கொடுக்கக்கூடிய உச்ச விலை. இதை நம் ஊருக்குப் போட்டுப் பார்த்தால், ஆச்சரியம், நன்றாகவே வேலை செய்கிறது. 45 லட்சத்துக்கு வாங்கி, 5 லட்சம் செலவழித்து, 58 லட்சத்துக்கு விற்கலாம் என்கிறார் ஒருவர். 8 லட்சம் லாபம் மாதிரி தெரியும். பத்திரச் செலவு 4.05 லட்சம், இரண்டு பக்கமும் கமிஷன் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல், ஆறு மாதத்துக்கு முடங்கிய பணத்தின் வட்டி 2.3 லட்சம். மிச்சம் 60 ஆயிரம். அதுவும் குறுகிய கால ஆதாயம் என்பதால் அவரவர் வருமான வரி விகிதத்தில் வரி. 70 சதவீத விதியோ 35.6 லட்சத்துக்கு மேல் கொடுக்காதே என்றிருக்கும். ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் 9 சதவீதம் கேட்கும் மாநிலத்தில் குறுகிய கால வியாபாரம் ஏன் கடினம் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

கடன் வந்து சேரும்போது

இனி இஎம்ஐ. 20 வருடத்துக்கு எட்டரை சதவீத வட்டி என்றால் லட்சத்துக்கு 868 ரூபாய். இந்த ஒரு எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால் எந்தக் கடனுக்கும் நின்ற இடத்தில் தவணை சொல்லிவிடலாம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு, வீட்டு மதிப்பில் 80 சதவீதம் வரைதான் வங்கி தரலாம். நமக்கு 48 லட்சம் கிடைக்கும். இதில் பலர் கவனிக்காத ஒன்று: 10 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்கு, அந்த 80 சதவீதத்தைக் கணக்கிடும்போது முத்திரைத்தாள், பதிவுச் செலவுகளைச் சேர்க்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அதனால் கைப்பணம் வெறும் 12 லட்சம் போதாது. இதர செலவு 7.5 லட்சமும் சேர்ந்து 19.5 லட்சம் வேண்டும்.

48 லட்சத்துக்கு இஎம்ஐ 41,664. நிகர வாடகை மாதம் 14,000. மாதாமாதம் சம்பளத்திலிருந்து ஏறக்குறைய 27,700 ரூபாய் போட வேண்டும். வருடத்துக்கு 3.32 லட்சம். போட்ட கைப்பணத்துக்கு ஆண்டு வருமானம் எவ்வளவு என்ற சூத்திரத்தில் இது மைனஸ் 17 சதவீதம். "வாடகையே இஎம்ஐயைக் கட்டிவிடும்" என்ற பேச்சுக்கு இந்த வீட்டில் இடமே இல்லை.

சரி, அந்த இஎம்ஐயில் கொஞ்சம் அசலும் அடைகிறதே என்று கேட்கலாம். அடைகிறது. முதல் வருடம் சுமார் 96,000 அசலுக்கு, மீதி 4 லட்சத்துக்கு மேல் வட்டிக்கு. அந்த வட்டியைக் காட்டி வருமான வரியை மிச்சப்படுத்தலாம் என்பது பழைய கணக்கு. பழைய வரி முறையில் வீட்டுச் சொத்து நஷ்டத்தில் 2 லட்சம் வரை சம்பள வருமானத்தோடு கழித்துக்கொள்ளலாம். புதிய முறையில் அது கிடையாது. வாடகை வருமானத்தைப் பூஜ்யமாக்கிக்கொள்ள வட்டி உதவும், சம்பளத்தைத் தொடாது. 30 சதவீத வரம்பில் இருப்பவருக்கு இந்த ஒரு வித்தியாசமே வருடத்துக்கு 60,000 ரூபாய். எந்த முறையில் இருக்கிறோம் என்று பார்க்காமல் வரிச் சலுகையை லாபத்தில் சேர்க்கவே கூடாது.

இப்போது அந்தக் கடைசிக் கேள்விக்கு வரலாம். வீட்டில் முடங்கும் பணத்துக்கு ஒரு வருடத்தில் என்ன செலவு? கடன் 48 லட்சத்துக்கு எட்டரை சதவீதம், 4.08 லட்சம். கைப்பணம் 19.5 லட்சத்தை வைப்பில் போட்டிருந்தால் 7 சதவீதம் வந்திருக்கும் என்று கொண்டால் 1.365 லட்சம். இரண்டும் சேர்ந்து 5.445 லட்சம். அதில் நிகர வாடகை 1.68 லட்சத்தைக் கழித்தால் 3.765 லட்சம் குறைகிறது. இந்தக் குறையை விலையேற்றம் நிரப்ப வேண்டும். 60 லட்சத்தில் அது 6.3 சதவீதம். அசல் எவ்வளவு அடைகிறது என்ற குழப்பம் இந்தக் கணக்கில் வராது, ஏனென்றால் அசல் அடைப்பது நம் பணத்தை ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாற்றுவது மட்டுமே.

இது குறுக்கு வழி. பத்திரச் செலவு போன்றவற்றில் போன 7.5 லட்சம் மறுபடி கைக்கு வர வேண்டும் என்பது இதில் இல்லை. வாடகை வருடாவருடம் ஏறும் என்பதும் இல்லை. வாடகை 5 சதவீதம் ஏறுவதாக வைத்துப் பத்து வருடத்துக்கு முழுக் கணக்கையும் போட்டால், அன்றைக்கு இந்த வீடு சுமார் 1 கோடியே 17 லட்சத்துக்கு விலைபோக வேண்டும் என்று வருகிறது. ஆண்டுக்கு 6.9 சதவீதம். குறுக்கு வழி சொன்னதற்கு மிகத் தள்ளி இல்லை. அந்தப் பத்து வருட முடிவில் வீடு 25 வருடப் பழசாக இருக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது.

மறக்கக் கூடாது என்பதற்குக் காரணம், ஏறுவது மண். கட்டடம் வருடாவருடம் தேய்கிறது. அபார்ட்மென்டில் நமக்குரிய மண்ணின் அளவைப் பத்திரத்தில் பிரிக்கப்படாத பாகம் என்று எழுதியிருப்பார்கள். பேச்சில் எல்லோரும் யூடிஎஸ் என்பார்கள். நம் 950 சதுர அடி வீட்டுக்கு யூடிஎஸ் 450 சதுர அடி, அந்தப் பகுதியில் மனை சதுர அடி 6,000, அதாவது 2,400 சதுர அடி கொண்ட ஒரு கிரவுண்டு 1 கோடியே 44 லட்சம் என்று கொண்டால் மண்ணின் மதிப்பு 27 லட்சம். இன்று புதிதாகக் கட்ட சதுர அடிக்கு 2,400 ரூபாய் என்று வைத்தால் 22.8 லட்சம். கட்டடத்துக்கு 60 வருட ஆயுள், 15 போய்விட்டது, மிச்சம் முக்கால் பங்கு: 17.1 லட்சம். ஆக மண்ணும் கட்டடமும் சேர்ந்து 44 லட்சம். கேட்கும் விலை 60. அந்த 16 லட்சம் எதற்கு? கட்டி முடித்த வீடு கையில் கிடைப்பதற்கு, பள்ளிக்கூடம் பக்கத்தில் இருப்பதற்கு, தண்ணீர் நன்றாக இருப்பதற்கு என்று நியாயமான காரணங்கள் இருக்கலாம். அவை என்னவென்று சொல்லத் தெரிந்தால் கொடுக்கலாம். வருடத்துக்கு ஏற வேண்டிய 3.765 லட்சத்தை அந்த 27 லட்ச மண் மட்டும் சுமக்க வேண்டியிருந்தால் அது 14 சதவீத ஏற்றம். முதல் பத்தியில் புரோக்கர் சொன்ன வேகத்துக்கே கிட்டத்தட்ட வந்துவிட்டோம். யூடிஎஸ் குறைவான உயரமான கட்டடங்களில் முதலீட்டுக்காக வாங்குவதை நான் தயங்கிப் பார்ப்பதற்கு இதுவே காரணம். குடியிருக்க வாங்குபவருக்கு இந்தத் தயக்கம் பொருந்தாது.

சூத்திரத்தின் கண்ணில் படாதவை பல உண்டு. வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், அனுமதி பெற்ற வரைபடம் இவற்றில் ஏதாவது ஒன்று சரியில்லை என்றால் மேலே உள்ள எந்த எண்ணுக்கும் பொருளில்லை. 2015 டிசம்பரில் சென்னையின் எந்தெந்தத் தெருக்களில் இடுப்பளவு தண்ணீர் நின்றது என்பதும் வாடகையைத் தீர்மானிக்கிற விஷயம்தான். அதைப் பக்கத்து மளிகைக் கடையில் கேட்டால் சொல்வார்கள்.

இந்தக் கணக்கைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டால் கிடைக்கும் இன்னொரு பயன், எந்த எண்ணை அசைத்தால் எவ்வளவு அசைகிறது என்று பார்க்க முடிவது. பேரம் பேசி 60-ஐ 52 ஆக்கினால் தேவைப்படும் ஏற்றம் 6.3-லிருந்து 5.9-க்குத்தான் இறங்குகிறது. வீட்டின் மதிப்பு உண்மையிலேயே 60 என்றால் அந்த 8 லட்சம் முதல் நாளே கிடைத்த லாபம், அது வேறு. வாடகை 18,000-க்குப் பதில் 22,000 வந்தால் 5.6. கடன் வட்டி ஒரு சதவீதம் குறைந்தால் 5.5. கூடினாலும் அதே அளவு மேலே போகும். 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரையிலான பத்து மாதத்துக்குள், வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதம் 4-லிருந்து 6.5 சதவீதத்துக்குப் போனது. அதோடு இணைந்த வீட்டுக் கடன்களில் 7 சதவீதத்தில் இருந்த வட்டி ஒன்பதரையைத் தொட்டால், 48 லட்சத்துக்கு 20 வருடத் தவணை 37,200-லிருந்து 44,700 ஆகிறது. எனவே விற்பவரோடு பேரத்தில் உட்காருவதற்கு முன்னால், வட்டி இரண்டு சதவீதம் கூடினால் மாதாமாதம் கையிலிருந்து எவ்வளவு போடவேண்டிவரும் என்று ஒரு வரி எழுதிப் பார்த்துவிடுங்கள். அந்தத் தொகையை இரண்டு வருடம் தொடர்ந்து போட முடியாது என்றால், 52 லட்சத்துக்குக் கிடைத்தாலும் அந்த வீடு உங்கள் பட்டியலில் இருக்க வேண்டியதில்லை.